பதினெட்டுப் பல்லும் ஓர் ஓட்டும்

இன்னாசியம்மாளுக்குக் கோபம் முதலில் விரலில் வரும், வாய்க்கு அப்புறம்தான் வரும். வலை பின்னும்போது எதையாவது நினைத்துப் பொருமினால் முடிச்சு இறுகிவிடும். பிறகு ஊசி கொண்டு நெம்பினாலும் அவிழாது. "இது இன்னாசி கோவத்துல பின்னுனது, சுறாவே வந்தாலும் அறுக்காது" என்று வலை வாங்கிப்போகிறவர்கள் கேலி செய்வார்கள். அப்படிப் பார்த்தால் 1952 தை மாதத்திலிருந்து அவள் பின்னிய வலை அத்தனையும் உறுதியான வலைதான். ஐந்து வருடம் அவளுக்குக் கோபம் தணியவே இல்லை.

தங்கச்சிமடத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய ஓலைக்குடிசைகளில் ஒன்று அவளுடையது. நாலு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே இரண்டு முருங்கைக்காய் தொங்குகிற மாதிரி இருக்கும் என்று அவளே சொல்வாள், அடுத்தவர் சொல்வதற்கு முன்னால். ஆனால் தோளும் கையும் வேறு ஆளுடையவை. விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை நூலை இழுத்து முடிச்சுப் போட்ட கைகள். அப்பா சவேரியார் வாந்திபேதியில் போன பிறகு, தலைச்சுமையாக மீன் விற்ற அம்மாவும் வலை பின்னிய மகளுமாகக் காலம் ஓடியது.

அதற்காக முழுசாகத் தங்கள் சொந்தக் காலில் நின்றார்கள் என்று சொல்ல முடியாது. அம்மாவின் தம்பி சந்தியாகு இருந்தார். மூன்று வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி. நூல் வாங்கித் தருவார், கூரைக்கு ஓலை போடுவார், கரைக்கு வந்த மீனில் ஒரு பங்கை அக்கா கூடையில் கொட்டுவார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இன்னாசி நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். உதவி செய்கிற மனிதர் என்பதால்தான் அவரைத் திட்டவும் முடியாமல், மன்னிக்கவும் முடியாமல் அவள் உள்ளுக்குள்ளேயே வெந்தாள்.

1952 தை மாதம் முதல் பொதுத்தேர்தல் வந்தது. இன்னாசிக்கு இருபத்திமூன்று வயது. 'சவேரியார் மகள் இன்னாசியம்மாள்' என்று அவள் பெயர் பட்டியலில் அச்சாகியிருந்தது. ஞானஸ்நானப் புத்தகத்தைத் தவிர அவள் பெயர் எழுதப்பட்ட இன்னொரு இடம் அதுதான். ஓட்டுக் கேட்க வந்தவர்கள் சொன்னதையெல்லாம் அவள் காது கொடுத்துக் கேட்டாள். யாருக்குப் போடுவது என்று பத்து நாள் யோசித்து ஒரு முடிவுக்கும் வந்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

தேர்தலன்று மாமா மாட்டுவண்டி கொண்டுவந்தார். அவளை மூட்டை மாதிரி அள்ளி வண்டியில் வைத்தார். ஒரு மைல் தள்ளி இருந்த பள்ளிக்கூடத்தில் இறக்கி, தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். அதிகாரி அவள் விரலில் மை வைத்தார், கையில் சீட்டைக் கொடுத்தார். அப்போதெல்லாம் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. பெட்டியில் அவரவர் சின்னம் ஒட்டியிருக்கும். மறைப்புக்குப் பின்னால் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். மறைப்புக்குள் யாரும் கூடப் போகக்கூடாது. தூக்கிக்கொண்டுதானே போகவேண்டும், வேறு என்ன செய்வது என்று அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறைப்புக்குள் மாமா ஒரு கையால் அவளை இடுக்கிக்கொண்டார். மறு கையால் அவள் விரல்களிலிருந்து சீட்டை உருவி, தான் ஆதரித்த ஆளின் பெட்டியில் போட்டார். இரண்டு நொடிகூட ஆகியிருக்காது. பிள்ளை கையிலிருக்கும் காசை வாங்கி உண்டியலில் போடுகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் செய்தார்.

"முடிஞ்சிருச்சு, வா போவம்" என்றார்.

மை மட்டும் அவள் விரலில் இருந்தது. அது அழிய ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் ஊசி பிடிக்கும்போதெல்லாம் அந்த விரல் கண்ணில் பட்டது. ஓட்டுப் போட்ட விரல் என்று அம்மா பெருமையாகச் சொன்னபோது, "நான் போடல" என்று இன்னாசி கத்தினாள். என்ன நடந்தது என்று தெரிந்ததும் அம்மா சொன்னாள்: "ஒந் தாய்மாமந்தானடி போட்டான்? அவன் போட்டா என்ன, நீ போட்டா என்ன?"

அன்றிலிருந்து இன்னாசிக்கு ஒரே கணக்குத்தான். அடுத்த தேர்தல் ஐந்து வருடத்தில் வரும். அதற்குள், யார் தோளிலும் தொங்காமல் அந்த மறைப்புக்குள் தானே போய்த் தானே திரும்பி வருவதற்கு ஒரு வழி வேண்டும்.

வழி மாமா கையாலேயே வந்தது. 1955 அந்தோணியார் திருவிழாவில், கொடியேற்றம் முடிந்த கையோடு, கூட்டத்தின் நடுவே அவர் அவளுக்கு ஒரு கைவண்டியைக் கொடுத்தார். ராமநாதபுரத்தில் ஒரு கொல்லரிடம் சொல்லிச் செய்தது. முன்னால் ஒரு சைக்கிள் சக்கரம், பின்னால் இரண்டு, நடுவில் நாற்காலி. உட்கார்ந்தால் மார்புக்கு நேரே இரண்டு கைப்பிடி. அதைச் சுற்றினால் செயின் இழுத்து முன்சக்கரம் உருளும். எல்லோரும் கைதட்டினார்கள். இன்னாசி அழுதாள். நன்றியில் அழுகிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள், அதில் பாதி உண்மையும்கூட.

கோவில் முன்னாலிருந்த சிமெண்டுத் தரையில் வண்டி ஓடியது. மணலில் இறங்கியதும் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். கைப்பிடி கால் சுற்று வந்து, தூணில் கட்டிய மாதிரி நின்றது. கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

"பாவம், கையில தெம்பு இல்ல" என்றார்கள்.

அந்த வார்த்தையை அவள் எப்படிப் பொறுத்துக்கொண்டாளோ தெரியாது. ஒரே இழுப்பில் தேங்காய் நார்க் கயிற்றை அறுக்கிற கை அது. மாமா சிரித்தார். "அதுக்கென்ன, தள்ள ஆளா இல்ல? எங்கன போகணும்னு சொல்லு, ஆளு அனுப்புறேன்" என்றார். ஆள் வந்தான். எங்கே போகவேண்டும் என்று அவளிடம் கேட்காமல், மாமாவிடம் கேட்டுக்கொண்டு வந்தான். முன்பு தோள், இப்போது மூன்று சக்கரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் வண்டி வாசலிலேயே நின்றது. மற்றவர்களுக்கு அது தானம். இன்னாசிக்கு அது அவிழ்க்க வேண்டிய முடிச்சு. முதலில் அவள் செய்தது பெரிய தப்பு. உப்புக்காற்றில் செயின் துருப்பிடிப்பதைப் பார்த்து, அம்மாவிடம் சொல்லி மீன் எண்ணெய் காய்ச்சி வாங்கி, செயின் முழுக்கப் பூசிவிட்டாள். வள்ளத்துக்கு வருடா வருடம் மீன் எண்ணெய்தானே பூசுகிறார்கள்? உப்புத் தண்ணீரிலேயே கிடக்கும் மரத்தைக் காக்கிற எண்ணெய் இரும்பைக் காக்காதா? கடற்கரையில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மூன்று மாதம் கழித்து, வண்டியைப் பார்க்கப் பாம்பன் ஹாஜா முகைதீனைக் கூப்பிட்டாள். மீன்கூடை கட்டிப் போகும் சைக்கிள்களைப் பழுதுபார்க்க வாரம் ஒரு நாள் வந்து, வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்காருகிறவர். நாற்பது வயது, எண்ணெய்க் கறை படிந்த கைலி, வாயைத் திறந்தால் சண்டை. செயினைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"எந்தக் கேனையன் இதுல மீனெண்ணெயப் பூசுனது?"

"நாந்தான் பூசுனேன். இப்ப என்ன?"

"என்னவா? காஞ்சா இது பசையாப் போயிரும் தங்கச்சி! மணலு பூரா இதுல ஒட்டி, ஒவ்வொரு கண்ணியிலயும் உக்காந்து அரைக்கிது. பல்லப் பாரு, நாய்ப் பல்லு மாதிரி கூராயிருக்கு. செயின் நீண்டு போச்சு, இனி பல்லு மேல ஏறி ஏறிக் குதிக்கும். அம்மியில வச்சு அரைச்சிருந்தாக்கூட இவ்வளவு கெட்டிருக்காது!"

"அதச் சொல்றதுக்கு இந்தக் கத்து கத்தணுமா?"

"நான் கத்தாம இருந்தா நீ மறுபடி பூசுவ."

இன்னாசிக்கு முதல்முறையாக ஒரு மனிதரைப் பிடித்துப்போனது. தெரியாமல் செய்த தப்புக்கு அவர் பாவம் என்று சொல்லவில்லை, வைதார். காலுள்ளவனை எப்படி வைவாரோ அப்படி.

செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ரயில்வே ஆட்களிடம் வாங்கிய எஞ்சின் எண்ணெயைத் துளித் துளியாக விட்டுத் துடைத்துக் காட்டினார். எண்ணெய் செயினுக்கு உள்ளே இருக்கவேண்டும், வெளியே இருக்கக்கூடாது என்றார். அவர் துடைத்துக்கொண்டிருக்கும்போது இன்னாசி ஒரு கேள்வி கேட்டாள். அதை அவள் பல மாதம் மனதில் வைத்திருந்தாள்.

"மேல கைப்பிடியில இருக்கிற சக்கரத்துல நாப்பத்தெட்டுப் பல்லு. கீழ இருக்கிறதுல பதினெட்டு. நான் எண்ணிட்டேன். ஏன் அப்பிடி?"

"சைக்கிள்ல அப்பிடித்தான். மிதிக்கிற எடத்துல பெருசு, ஓடுற சக்கரத்துல சிறுசு."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

ஹாஜா நிமிர்ந்து பார்த்தார். இன்னாசி சொல்லிக்கொண்டே போனாள். ஒரு பல்லுக்கு ஒரு கண்ணி நகர்கிறது. அவள் கை ஒரு சுற்றுச் சுற்றினால் மேலே நாற்பத்தெட்டுக் கண்ணி இறங்குகிறது. கீழே பதினெட்டுப் பல்தான், அந்த நாற்பத்தெட்டுக் கண்ணிக்கும் அது வேகவேகமாக ஏறக்குறைய இரண்டே முக்கால் தடவை சுற்றவேண்டியிருக்கிறது. சக்கரத்துக் கம்பியில் நூல் கட்டி, ஆளைத் தள்ளச்சொல்லி, மணலில் தடம் வைத்து அளந்தும் பார்த்துவிட்டாள். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு, அப்படியானால் கை ஒரு சுற்றுக்கு வண்டி பதினெட்டு அடி போகிறது.

"ஒரே இழுப்புல பதினெட்டடி நவுத்தச் சொன்னா எவன் கை நவுத்தும்? அதும் மணல்ல? எனக்குத் தெம்பு இல்லன்னு ஊரு பூரா சொல்லுது. தெம்பு எங்கிட்ட இருக்கு, தப்பு இந்தப் பல்லுல இருக்கு. சைக்கிளுக்குள்ளத அப்பிடியே தூக்கி என் மார்ல மாட்டி விட்டுட்டான். மிதிக்கிறவன் முழு ஒடம்பையும் ஏத்தி மிதிக்கிறான். நான் கையாலதான சுத்துறேன்!"

ஹாஜா கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். ராமநாதபுரத்துக் கொல்லனை ஒரு பாட்டம் வைதார். பிறகு, இத்தனை வாரமாக அந்த வண்டியைத் தாண்டிப் போயும் அதைப் பார்க்காத தன்னையும் சேர்த்து வைதுகொண்டார்.

"மாத்திப் போட்டுருவம். மேல பதினெட்டு, கீழ நாப்பத்தெட்டு. கை ஒரு சுத்துக்கு ரெண்டரை அடிதான் போகும். ஆனா மணல்ல மட்டுமில்ல, செவுத்துலகூட ஏறும்."

"மெதுவாப் போகுமா?"

"ஆமை முந்திரும்."

"போகட்டும். எனக்கு ஒரு மைலு போகணும். ஒரு மைலு போய்த் திரும்பணும்."

எதற்கு என்று ஹாஜா கேட்டார். அவள் சொன்னாள். 1952-இல் நடந்ததை அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் அவள் சொன்னதில்லை. கேட்டு முடித்ததும் ஹாஜா அந்த இடத்திலேயே பல்சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தார்.

கூலி பேசவில்லை. அவர் தம்பிக்கு ஒரு வலை வேண்டியிருந்தது, இன்னாசி பின்னித் தருவதாக ஒப்பந்தம்.

வேலையில் இரண்டு பேருக்கும் மூன்று சண்டை வந்தது. முதல் சண்டை நாற்காலிக்கு. பாரம் முழுக்கப் பின்சக்கரங்களில் விழுந்ததால், இழுக்கிற முன்சக்கரம் மணலில் சும்மா சுழன்றது. நாற்காலியை முன்னால் தள்ளச் சொன்னாள். தள்ளினால் கைப்பிடி வயிற்றில் இடிக்கும் என்றார். இடிக்கட்டும் என்றாள். கடைசியில் நாலு விரற்கடை தள்ளினார்கள்.

இரண்டாவது சண்டைதான் பெரியது. பெரிய பல்சக்கரத்தை ஃப்ரீவீல் மேல் ரிவெட் அடித்து மாட்டிவிடுகிறேன் என்றார் ஹாஜா. ஃப்ரீவீலுக்குள் சின்ன நாக்குகள் உண்டு. முன்னால் சுற்றினால் அவை பிடிக்கும், பின்னால் சுற்றினால் கிர்ரென்று வழுக்கிவிடும். அதனால்தான் சைக்கிளில் மிதிக்காமல் உட்கார்ந்து போக முடிகிறது.

"அப்ப பின்னால சுத்துனா வண்டி பின்னால போகாதா?"

"எந்தச் சைக்கிள் பின்னால போகும்?"

"மறைப்புக்குள்ள திருப்ப எடம் இருக்காது அண்ணே. உள்ள போயிட்டு நான் எப்பிடி வெளிய வாரது? மாமா வந்து வண்டியப் புடிச்சு இழுக்கணுமா? அதுக்கு இவ்வளவு பாடா?"

ஃப்ரீவீலைத் தூக்கிப்போட்டுவிட்டு, பெரிய பல்சக்கரத்தை நேரடியாகச் சக்கரத்தின் குடத்தோடு போல்ட் வைத்து இறுக்கினார் ஹாஜா. இப்போது கை முன்னால் போனால் வண்டி முன்னால் போகும், கை பின்னால் போனால் வண்டி பின்னால் வரும். அதற்கு ஒரு விலையும் உண்டு என்று எச்சரித்தார். சரிவில் இறங்கும்போது வண்டி ஓடினால் கைப்பிடியும் தானாகச் சுற்றும், விட்டால் அடிக்கும். அப்படியே அடித்தது. கோவில் சரிவில் கைப்பிடி நழுவித் தாடையில் அடித்து, இன்னாசியின் கீழ்ப்பல் ஒன்று ஆடிப்போனது. ஒரு வாரம் கஞ்சி குடித்தாள். ஃப்ரீவீலைத் திரும்பப் போடட்டுமா என்று கேட்ட ஹாஜாவை ஒரு பார்வை பார்த்தாள்.

மூன்றாவது சண்டை படிக்கட்டுக்கு. பள்ளிக்கூடத்துக்கு மூன்று படி உண்டு. தோளில் தொங்கிக்கொண்டு ஏறியபோது ஒவ்வொரு படியின் குலுக்கலும் அவள் விலாவில் இடித்திருந்தது, மறக்குமா? உடைந்த வள்ளம் ஒன்றிலிருந்து மூன்று பலகைகளை அறுத்து, சக்கரம் வழுக்காமல் இருக்கக் குறுக்கே கயிறு சுற்றி, வண்டிக்குப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டாள். பலகையில் ஏறும்போது வண்டி பின்னால் சரிந்தால் உயிருக்கே ஆபத்து என்று ஹாஜா கத்தினார். அதற்குத்தானே மேலே பதினெட்டுப் பல் போட்டது என்று இவள் கத்தினாள்.

ஒரு வருடம் பழகினாள். முதலில் வேப்பமரம் வரை, பிறகு கோவில், பிறகு கல் பரப்பிய கப்பி ரோடு. ஒரு மைலுக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் வந்தது. வலையில் கண்ணி எண்ணுகிறவளுக்கு இரண்டாயிரம் ஒரு பெரிய எண் இல்லை. தள்ள வந்த ஆளை மாமாவிடமே திருப்பி அனுப்பினாள். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஆளு தள்ளுனா அஞ்சு நிமிசத்துல போற எடத்துக்கு ஒரு மணி நேரம் உருட்டுறா. இது என்ன வீம்பு?" என்று அக்காவிடம் சொன்னார். பெண்பிள்ளை கப்பி ரோட்டில் தனியாக வண்டி ஓட்டுவது நன்றாகவா இருக்கிறது என்றும் கேட்டார். இன்னாசி வலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று பின்னிய நூறு கண்ணியும் அவ்வளவு இறுக்கமாக வந்து, வெட்டி எறிய வேண்டியதாகிவிட்டது.

1957 மாசிக் கடைசியில் தேர்தல் வந்தது. முந்தின நாள் மாமா வந்து, "காலையில எட்டு மணிக்கு வண்டி கொண்டாரேன், குளிச்சு ரெடியா இரு" என்றார்.

"நான் வந்துக்கிறேன் மாமா."

"எதுல? அந்த ஆமையிலயா? படி இருக்கு புள்ள. நான் ஏஜெண்டு, உள்ளதான் இருப்பேன். தூக்கிவிட நான் இருக்கேன்ல."

"அதுக்குத்தான் சொல்றேன். நான் வந்துக்கிறேன்."

காலை வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிட்டாள். முதல் ஐந்நூறு சுற்று மணல். அது முடிந்து கப்பி ரோட்டில் ஏறியபோது, ஓட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு மாமாவின் மாட்டுவண்டி அவளைத் தாண்டிப் போனது. இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. மறுபடி ஆட்களோடு தாண்டிப் போனது. மூன்றாவது தடவை வண்டிக்காரன், "ஏறிக்க இன்னாசி, கைவண்டியப் பின்னால கட்டிருவம்" என்று நிறுத்தினான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். "ஒன் சோலியப் பாத்துட்டுப் போ" என்று அவள் போட்ட சத்தத்தில் மாடு மிரண்டது. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து கைப்பிடி வழுக்கியது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு சுற்றினாள்.

பள்ளிக்கூட வாசலில் பெண்கள் வரிசை நீளமாக நின்றது. பெரும்பாலும் மீன் விற்கிற பெண்கள், அம்மாவுக்குத் தெரிந்தவர்கள். இவள் முறை வந்ததும் பக்கத்தில் நின்ற பெண்களிடம் பலகைகளை அவிழ்த்துப் போடச் சொன்னாள். படியில் மூன்று பலகை விழுந்தன, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று. உள்ளேயிருந்து அதிகாரி எழுந்து வந்தார். வெளியூர்க்காரர், இளைஞர்.

"இதெல்லாம் எதுக்கும்மா? யாராவது தூக்கிட்டு வாங்களேன்."

"தூக்கிட்டு வந்தா ஓட்டு எனக்கில்ல சார், தூக்குனவுகளுக்குப் போயிரும்."

வரிசையில் சிலர் சிரித்தார்கள். அதிகாரிக்குப் புரியவில்லை. உள்ளே ஏஜெண்டு பெஞ்சியில் உட்கார்ந்திருந்த சந்தியாகு சம்மாட்டிக்குப் புரிந்தது. அவர் முகம் கறுத்தது.

இன்னாசி ஏறத் தொடங்கினாள். சமதரையில் ஓடுவது ஒன்று, ஏற்றம் வேறொன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டரை அடிதான் என்று கணக்குப் போட்டவளுக்கு, இப்போது ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு பல்லாகத் தெரிந்தது. ஒரு பல் நகரும், கடித்து நிற்கும். அடுத்த பல் நகரும். செயின் முறுக்கேறிக் கிறீச்சிட்டது. பாதிப் பலகையில் உடைந்த கொப்புளத்தின் ஈரத்தில் கைப்பிடி வழுக்கியது. வண்டி ஒரு நொடி நின்று, ஒரு சாண் பின்னால் சரிந்தது. பெண்கள் "மாதாவே" என்று அலறினார்கள். அவள் கைப்பிடியை நெஞ்சோடு அணைத்து அப்படியே பிடித்துக்கொண்டாள். கை நின்றால் வண்டியும் நிற்கும், அதுதானே ஹாஜா வைத்த போல்ட்.

மாமா வெளியே ஓடிவந்து பின்னால் நின்று வண்டியைப் பிடித்தார்.

"கைய எடுங்க!"

"விழுந்துருவ புள்ள!"

"விழுந்தா விழுறேன்! கைய எடுங்கன்னு சொல்றேன்ல! அஞ்சு வருசமா இதுக்குத்தான் இருக்கேன். எடுங்க மாமா!"

அவ்வளவு பெரிய குரல் அவளுக்கு இருக்கிறது என்று அன்றுவரை ஊருக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. சுட்டதுபோல் கையை எடுத்தார். ஒரு பல், இன்னொரு பல். முன்சக்கரம் மேல்படியைத் தொட்டது, பின்சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. வண்டி வராந்தாவில் நின்றது. அவள் ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது, மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. கைதட்ட ஒருத்தி கையைத் தூக்கினாள். இன்னாசி பார்த்த பார்வையில் கையை இறக்கிக்கொண்டாள்.

விரலில் மை வைத்தார்கள். சீட்டைக் கொடுத்தார்கள். சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சுற்றி மறைப்புக்குள் போனாள்.

உள்ளே யாரும் இல்லை. ஐந்து பெட்டி, ஐந்து சின்னம். சீட்டை வாயிலிருந்து எடுத்துத் துடைத்தாள். அவள் முடிவு செய்து பல நாள் ஆகியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு பெட்டியையும் நிதானமாகப் பார்த்தாள். பார்க்கிற உரிமையும் அவளுடையதுதானே, ஏன் அவசரப்படவேண்டும்? வெளியே வரிசை முணுமுணுத்தது.

"முடிஞ்சுதாம்மா?" அதிகாரி கேட்டார்.

"இருங்க சார். இன்னும் முடியல."

பிறகு போட்டாள். சீட்டு உள்ளே விழுகிற வரை விரலை எடுக்கவில்லை. கைப்பிடியைப் பின்னால் சுற்றினாள், வண்டி பின்னாலேயே நகர்ந்து மறைப்பை விட்டு வெளியே வந்தது. பலகை வழியாக, கைப்பிடியை ஒவ்வொரு பல்லாக விட்டுக்கொடுத்துப் படியிறங்கினாள்.

பள்ளிக்கூட வேலியைத் தாண்டிய பிறகு மாமா பின்னாலேயே வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. ஊர் முன்னால் பட்ட அவமானம் முகத்தில் இருந்தது, ஆனால் குரலைத் தணித்துத்தான் கேட்டார்.

"இவ்வளவு பாடு பட்டு வந்தியே. யாருக்குப் போட்ட?"

இன்னாசி வண்டியை நிறுத்தினாள்.

"அதச் சொல்ல மாட்டேன்."

"எங்கிட்டக்கூடவா? போன தடவ நாந்தான ஒனக்கு..." என்றவர் பாதியில் நிறுத்தினார். அந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் நன்றாக இருக்காது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. "ஒனக்கு வேற ஆளுக்குப் போடணும்னு இருந்தா, அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல புள்ள?"

"நீங்க ஒரு வார்த்த கேக்கலியே மாமா."

சந்தியாகு சம்மாட்டி ரோட்டின் நடுவில் நின்றார். அடுத்த சவாரிக்கு வந்த அவருடைய மாட்டுவண்டியே அவருக்காகக் காத்து நிற்கவேண்டியிருந்தது. இன்னாசி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். அவளுக்கு இன்னும் இரண்டாயிரம் சுற்று பாக்கி இருந்தது.